வியர்க்கும் சோடாப் பெட்டி

குளிர்ந்த சோடாப் போத்தல் ஒன்றை மேசைமீது வைத்துவிட்டுச் சிறிது நேரங் கழித்துப் பார்த்தால், அதன் மேனியெங்கும் முத்து முத்தாக நீர் அரும்பியிருக்கும். போத்தலை எடுத்தால் அது இருந்த இடத்தில் ஈர வட்டம் ஒன்று கிடக்கும். நாடோறும் காணும் காட்சியாதலால் நாம் இதனைப் பற்றி எண்ணுவதில்லை. போத்தல் வியர்த்தால் கைக்குட்டையால் துடைத்துவிடலாம். ஆளுயரப் பெட்டியொன்று இரவும் பகலும் ஓயாது வியர்த்துக்கொண்டிருந்தால் என்ன செய்வது? கொட்டாஞ்சேனையிலுள்ள கடைக்காரர் ஒருவருக்கு அண்மையில் நேர்ந்த இடர் இதுவே.

களனி கங்கை கடலோடு கலக்கும் முகத்துவாரத்துக்கு அதிக தூரமில்லாத ஒரு சந்தில் அவருடைய கடை இருக்கிறது. பழச்சாறு, பாண், பணிசு, வெற்றிலை, பத்திரிகை ஆகியன விற்கும் சிறு கடை. அவருடைய மகன் என்னிடம் படித்தவன். ஒரு மாலை அவன் வீடு தேடி வந்து, “சேர், ஒருக்கா வந்து பாக்க வேணும். ஏன் தண்ணி வருதெண்டு ஒருத்தராலும் சொல்ல முடியேல்லை. அம்மா பெட்டியைப் பழைய இரும்புக்குக் குடுக்கச் சொல்லி நிக்கிறா. அப்பா வாயே திறக்கிறாரில்லை” என்றான்.

பெட்டி என்று அவன் சொன்னது, நாணயத்தைப் போட்டுச் சோடாப் போத்தலை இழுத்தெடுக்கும் பழைய அமெரிக்க இயந்திரம். கதவின் இடப்பக்கத்தில் ஒடுக்கமான கண்ணாடி. அதன் பின்னே போத்தல்களின் கழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக வரிசையில் எட்டிப் பார்க்கும். நாணயம் விழுந்ததும் பூட்டு நெகிழும். வேண்டிய போத்தலைக் கழுத்திற் பிடித்து இழுக்கலாம். கடைக்காரரின் தந்தையார் 1960களில் ஏலமொன்றில் இதனை வாங்கி, வெள்ளவத்தையில் அப்போது தாம் நடத்திய கடையில் வைத்திருந்தார். நம் நாட்டு நாணயம் அதன் வாய்க்குப் பொருந்தாமையால், காசைக் கையில் வாங்கிக்கொண்டு பித்தளை வில்லையொன்றைப் பிள்ளைகளிடம் கொடுப்பாராம். வில்லையைப் போட்டுப் போத்தலை இழுப்பதற்கென்றே பள்ளிப் பிள்ளைகள் நெடுந்தூரம் நடந்து வந்ததுண்டாம்.

“எண்பத்து மூண்டில தப்பின சாமான் இது ஒண்டுதான், மாஸ்டர்” என்று மட்டும் கடைக்காரர் சொன்னார். அதன் பின் அது உறவினர் ஒருவரின் களஞ்சியத்தில் சாக்குகளுக்கடியில் நெடுங்காலங் கிடந்தது. சென்ற ஆண்டு மகன் அதனை வெளியே எடுத்தான். குளிரூட்டி வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு 230 வோற்றில் இயங்கும் புதிய கம்பிரசரைப் பூட்டினான். மேனியைச் சுரண்டிச் சிவப்புத் தீந்தை பூசினான். பெட்டி குளிர்ந்தது. குளிர்ந்த அன்றே அழவுந் தொடங்கியது.

நான் சென்றபோது பெட்டியைச் சுற்றி நான்கு சாக்குகள் விரித்திருந்தன. நான்கும் நனைந்திருந்தன. கண்ணாடி பனிமூடி, உள்ளே இருப்பது தோன்றாமல் வெண்மையாய் இருந்தது. கதவின் விளிம்பில் நீர் வரிவரியாக வடிந்தது. முதல் வாரத்திலேயே வாடிக்கையாளரான மூதாட்டி ஒருவர் அவ்விடத்தில் வழுக்கி விழுந்து கையைச் சுளுக்கிக்கொண்டார். அதனினுங் கொடியது, வெறுங்காலுடன் நின்று கதவைத் தொட்ட பேரக் குழந்தை, கையில் ‘சுர்’ என்று ஏதோ ஏறியதாகச் சொல்லி அழுதிருக்கிறது. “இதுக்கு மேலும் இதை வைச்சிருக்கலாமோ? நீங்களே இவருக்குச் சொல்லுங்கோ மாஸ்டர்” என்று வீட்டம்மா கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

ஆகவே முதற் காரியமாகச் செருகியைச் சுவரிலிருந்து கழற்றச் சொன்னேன். பழைய இரண்டு முனைச் செருகி, இடைச்செருகி ஒன்றின் துணையுடன் சுவரில் நின்றது. மூன்றாவது முனையாகிய புவித்தொடுப்பு பெட்டிக்கு வந்து சேரவே இல்லை. நீரில் நிற்கும் உலோகப் பெட்டிக்குப் புவித்தொடுப்பு இல்லையென்றால், உள்ளே எங்கேனுங் கசியும் மின்னுக்குத் தொடுகின்றவரின் உடலே வழியாகிவிடும். தகுதியுள்ள மின்வேலையாளர் வந்து மூன்று முனைக் கம்பியும் செருகியும் பூட்டி, கசிவு கண்டதும் மின்னைத் துண்டிக்கும் ‘ட்ரிப் சுவிச்’சும் வேலை செய்கிறது என்று அழுத்திப் பார்த்து உறுதிப்படுத்தும் வரை இதனை இயக்கலாகாது என்று கண்டிப்பாகக் கூறிவிட்டேன். நீர் எங்கிருந்து வருகிறது என்ற ஆராய்ச்சி அதற்குப் பின்னர்தான்.

நீர் எங்கிருந்து வருகிறது? கடைக்காரர், பழைய போத்தல்களின் மூடி கசிகிறது என்று எண்ணியிருந்தார். பேரக் குழந்தையே அதற்கு விடை கூறியது. “சோடா சிவப்பு, கீழ இருக்கிற தண்ணி வெள்ளை” என்றது. இதனினுஞ் சிறந்த பரிசோதனையை யான் வகுப்பிற் செய்துகாட்டியதில்லை. வீட்டிலே ஒரு தம்ளரில் மஞ்சள் கரைத்த நீரும் ஐஸ்கட்டியும் இட்டு வையுங்கள். தம்ளரின் வெளிப்புறத்தில் அரும்புவது மஞ்சள் நீரன்று, தெளிந்த நீர். அது தம்ளருக்குள்ளிருந்து வரவில்லை; சுற்றியுள்ள வளியிலிருந்து வந்தது. மண்பானையின் வெளிப்புற ஈரமோ வேறு வகை. அது பானைக்குள்ளிருந்து நுண்துளை வழியே கசிந்து வந்து, ஆவியாகிப் பறந்து, பானையைக் குளிரச் செய்வது. பானை வியர்த்துக் குளிர்கிறது. போத்தல் குளிர்ந்து வியர்க்கிறது.

வளி எப்பொழுதும் சிறிது நீராவியைச் சுமந்து நிற்கிறது. வெம்மை கூடினால் கூடுதலாகச் சுமக்கலாம். குளிர்ந்தால் சுமை குறையவேண்டும். 30 பாகை செல்சியசில் ஒரு கன மீற்றர் வெளியில் ஏறத்தாழ 30 கிராம் நீராவி தங்கலாம். 4 பாகையில் 6 கிராமுக்குச் சற்று மேலேதான் தங்கும். கொழும்பில் ஈரப்பதன் 80 நூற்றுவீதமாய் இருப்பது புதுமையன்று. அப்படியானால் 30 பாகையில் ஒவ்வொரு கன மீற்றரிலும் 24 கிராம் நீராவி இருக்கிறது. அந்த வளி பெட்டிக்குள் நுழைந்து 4 பாகைக்குக் குளிர்ந்தால், 18 கிராமளவு நீரை அங்கேயே இறக்கிவைத்துவிட வேண்டும். வேறு வழியில்லை.

எந்த வெப்பநிலையில் சுமை இறங்கத் தொடங்குகிறதோ அதனைப் பனிபடுநிலை என்பர். மேற்சொன்ன கொழும்பு வளியின் பனிபடுநிலை ஏறத்தாழ 26 பாகை. இதன் பொருளை வாசகர் சற்று நின்று கவனித்தல் வேண்டும். வளி 30 பாகையில் இருக்க, பெட்டியின் வெளித்தகடு வெறும் 4 பாகை குளிர்ந்தாலே வியர்க்கத் தொடங்கிவிடும். 25 பாகையும் 50 நூற்றுவீத ஈரப்பதனும் உள்ள அறையிலோ பனிபடுநிலை 14 பாகை. அங்கு அதே தகடு 11 பாகை குளிரும் வரை உலர்ந்தேயிருக்கும். உலர்ந்த ஊரில் அறுபது ஆண்டுகளுக்கு முன் செய்த பெட்டியொன்று அங்கு ஒழுங்காய் நின்று, இங்கு வந்து அழுவதற்குப் பெட்டி மட்டுமே பொறுப்பன்று.

‘பனி பெய்கிறது’ என்று நாம் சொல்லுகிறோம். மழைபோல வானிலிருந்து பனி விழுகிறது என்றே பண்டைக் காலத்தில் பலரும் எண்ணினர். இலண்டனில் வாழ்ந்த வில்லியம் சாள்ஸ் வெல்ஸ் என்னும் மருத்துவர் இரவு இரவாகக் கம்பளிப் பஞ்சுத் துணுக்குகளைத் திறந்த வெளியில் வைத்து, அவை ஏற்கும் பனியை நிறுத்துப் பார்த்தார். நிலமும் புல்லும் இரவில் வெப்பத்தை இழந்து குளிர்வதாலேயே அவற்றின்மேற் பனி படிகிறது என்று 1814 இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். ஆறு ஆண்டுகளின் பின், 1820 இல், யோன் பிரெடெரிக் டானியல் பனிபடுநிலையை அளக்கும் ஈரமானியை அமைத்தார். கொட்டாஞ்சேனைச் சோடாப் பெட்டி கேட்பாரின்றிச் செய்துகொண்டிருந்ததும் அந்த ஈரமானியின் வேலையையே.

இனிப் பெட்டிக்கு வருவோம். அதிலே இரண்டு வகையான நீர் இருந்தது. ஒன்று உள்ளே படிந்து அடித்தட்டில் தேங்கியது. மற்றது வெளித்தகட்டில் அரும்பி வடிந்தது. இரண்டுக்குங் காரணம் வேறு. வெளி வளி உட்புகுந்தால் உள்ளே நீர் சேரும். உள்ளே உள்ள குளிர் வெளித்தகட்டை எட்டினால் வெளியே நீர் அரும்பும். பழுது பார்க்க வருவோர் பலர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிக் குளிரைக் கூட்டியோ குறைத்தோ பார்த்துவிட்டுப் போய்விடுவர். இங்கும் அப்படியே குளிரைக் கூட்டிப் பார்த்திருக்கிறார்கள். குளிர் கூடக் கூட வியர்வையுங் கூடிற்று.

வெளி வளி நுழையும் வழியை அறிவதற்குச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. பத்திரிகைத் தாளைக் கையகலத் துண்டுகளாகக் கிழித்து, ஒரு துண்டைக் கதவுக்கும் சட்டத்துக்கும் இடையில் வைத்துக் கதவை மூடி, மெல்ல இழுக்க வேண்டும். தாள் இறுகப் பிடித்து வந்தால் அவ்விடத்து றப்பர் பட்டி நன்று. தடையின்றி வழுகி வந்தால் அவ்விடத்தில் வழியுண்டு. கதவைச் சுற்றி ஒரு சாணுக்கு ஒரு முறை இவ்வாறு பார்த்து வந்தோம். கீழ்ப்பக்கம் நன்று, பிணைச்சற் பக்கம் நன்று. பூட்டுப் பக்கத்தின் மேல்மூலையில் வைத்த தாள், கையை எடுத்த மாத்திரத்தில் தானே விழுந்தது.

விளக்கை அணைத்து, பெட்டிக்குள் ஒரு கைவிளக்கை ஏற்றி வைத்துக் கதவைச் சாத்தினோம். அந்த மூலையில் விரல் நீளத்துக்கு ஒளிக்கீற்று ஒன்று தெரிந்தது. புதிய தீந்தையின் கீழே தகடு உட்புறமாக மடிந்திருந்தது. மடிப்பு வெளியே தெரியாதபடி மகன் மக்குப் பூசி மறைத்திருந்தான். “இது முந்தியே இப்பிடித்தான் நெளிஞ்சிருந்தது, சேர். விழுந்து நெளிஞ்சிருக்கும்” என்றான்.

“விழேல்லை” என்றார் தந்தை.

அதுவரை அவர் கல்லாவிலிருந்து எழுந்து வரவில்லை. இப்போது வந்து அந்த மூலையை விரலாற் தடவிப் பார்த்தார். 1983 யூலையில் கடையை உடைத்தவர்கள், காசு இதற்குள் இருக்குமென்று அலவாங்கை அந்த மூலையிற் செருகி நெம்பியிருக்கிறார்கள். கதவு திறக்கவில்லை. முன்பக்கம் தீ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பின்முற்றத்துச் சாய்ப்பில் நின்ற பெட்டியை நெருப்பு எட்டவில்லை. மூன்று வாரங் கழித்துத் தந்தையும் மகனுமாய்ப் பார்க்க வந்தபோது, கூரையில்லாத கடைக்குப் பின்னால் இது மட்டும் நின்றதாம். “ஐயா வில்லையைப் போட்டு இழுத்துப் பாத்தவர். போத்தல் வந்தது. ரெண்டு பேரும் அதிலயே நிண்டு குடிச்சனாங்கள், சூட்டுச் சோடா” என்றார். இதனை மகன் அன்றுதான் கேட்டான் என்பது அவன் முகத்திலிருந்து தெரிந்தது. வீட்டம்மா பழைய இரும்புப் பேச்சை அதன்பின் எடுக்கவில்லை.

ஆனால் வரலாறு கேட்டுப் பெட்டி உலர்ந்துவிடாது. விரல் நீள இடைவெளி என்ன செய்யும் என்று மகனையே கணக்குப் பார்க்கச் சொன்னேன். போத்தல்கள் போக உள்ளே எஞ்சும் வெளி ஐந்தில் ஒரு கன மீற்றர் என்று கொள்வோம். குளிர்ந்த வளி கனமானது. அது கீழ் இடுக்குகளாலும் வடிகுழாயாலும் இறங்கி வெளியேற, மேல்மூலையால் வெளி வளி அவ்விடத்தை நிரப்பும். மணிக்குப் பத்து முறை உள்வளி மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 36 கிராம், நாளுக்கு 860 கிராமளவு நீர் உள்ளே சேரும். பத்து முறை என்பது நம் ஊகமே. ஆனால் அடித்தட்டிலிருந்து நாடோறும் வழித்தெடுத்த நீர் ஏறக்குறைய ஒரு லீற்றர் என்று வீட்டம்மா கூறியது அதனோடு ஒத்தே இருந்தது.

நீர் சேர்வது மட்டுமா நட்டம்? நீராவி நீராகும்போது தன் மறைவெப்பத்தை விட்டுவிடுகிறது. ஒரு லீற்றர் நீர் இவ்வாறு ஒடுங்கும்போது வெளிவரும் வெப்பம், அறை வெப்பநிலையிலுள்ள ஒரு லீற்றர் நீரைக் கொதிக்கவைக்க வேண்டிய வெப்பத்தின் எட்டு மடங்கு. அதனையெல்லாம் கம்பிரசர் இறைத்து வெளியேற்ற வேண்டும். பெட்டி ஓயாமல் ஓடியதற்கும் மின்கட்டணம் ஏறியதற்கும் காரணம் சோடாவன்று, வளியின் ஈரமே.

இரண்டாவது நீரின் காரணம் தகட்டின் உள்ளே இருந்தது. பெட்டியின் வெளித்தகட்டுக்கும் உள்தகட்டுக்கும் இடையிற் பழைய கண்ணாடிநார் அடைக்கப்பட்டிருந்தது. மூக்கை மூடி, கையுறை அணிந்து, இடப்பக்கத் தகட்டைக் கழற்றினோம். மேல் நார் தும்புபோல உலர்ந்திருந்தது. கீழ் நார் பிழியலாம் போல் ஊறி, தன் பாரத்தால் இறங்கி, மேலே வெற்றிடம் விட்டிருந்தது. கண்ணாடிநார் குளிரைக் காப்பது தன் இழைகளுக்கிடையே சிறைப்பட்ட வளியினாலேயாம். அவ்வளியின் இடத்தை நீர் பிடித்துக்கொண்டால் காவல் போயிற்று. நீர், அசையாத வளியைப் போல இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். நார் நனைய, வெளித்தகடு குளிரும். தகடு குளிர, மேலும் நீர் அரும்பும். அந்நீர் மீண்டும் நாரை நனைக்கும். இவ்வாறு நோயே நோயை வளர்த்துக்கொண்டிருந்தது.

குளிரைக் காப்பதில் உலர்ச்சி எத்துணை முக்கியம் என்பதை நம் முன்னோர் காலத்து ஐஸ் வணிகமே காட்டும். 1833 இல் பிரெடெரிக் டியூடர் என்னும் அமெரிக்க வணிகர், பொஸ்ரனில் ஏரிகளிலிருந்து வெட்டிய ஏறத்தாழ 180 தொன் பனிக்கட்டியைக் கப்பலேற்றி நான்கு மாதப் பயணத்தின் பின் கல்கத்தாவில் இறக்கினார். வழியிற் கரைந்தது போக நூறு தொன்னளவு எஞ்சிற்று. அவ்வணிகத்துக்கு உதவியது மரத்தூள். சென்னையிற் கடற்கரையோரம் 1842 இல் அவர் கட்டிய ஐஸ் அவுஸ் இன்றும் நிற்கிறது. 1897 சனவரியிற் கொழும்பில் வந்திறங்கிய சுவாமி விவேகானந்தர், அடுத்த மாதம் சென்னையில் தங்கியது அக்கட்டடத்திலேயே. விவேகானந்தர் இல்லம் என்ற பெயர் அதனால் வந்தது. கொழும்பிலோ 1866 இலேயே கொழும்பு ஐஸ் கம்பெனி தோன்றிவிட்டது. யானை இலச்சினையோடு நாம் அறிந்த குளிர்பான நிறுவனம் அதன் வழியில் வந்ததே.

குளிரைக் கொண்டு ஈரத்தை அடக்கும் கலைக்கும் ஒரு கதை உண்டு. 1902 யூலையில், நியூயோர்க்கின் புறூக்ளினில் இருந்த அச்சகமொன்று, ஈரத்தினாற் தாள் விரிந்து வண்ணங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமற் போவதாக முறையிட்டது. இருபத்தைந்து வயதான வில்லிஸ் கரியர் என்னும் பொறியியலாளர், வளியைக் குளிர்ந்த குழாய்களின்மேல் ஓடவிட்டு அதன் நீரை அங்கே இறக்கிவைத்துவிடும் முறையை வகுத்தார். இன்றைய வளிச்சீராக்கியின் தொடக்கம் அதுவே. ஆட்களைக் குளிர்விப்பதற்கல்ல, தாளை உலர்த்துவதற்கே அது பிறந்தது. அவர் விரும்பிச் செய்ததைத்தான் நம் சோடாப் பெட்டி விரும்பாமற் செய்துகொண்டிருந்தது.

இனிச் செய்த பரிகாரத்தை வரிசையாகக் கூறுகிறேன். பழைய குளிர்ப்பெட்டி வைத்திருப்போர் யாருக்கும் உதவலாம்.

முதலாவது, கதவுச் சட்டம். தகரவேலை செய்யும் ஒருவர் மரக்கட்டையை உட்புறம் அணைகொடுத்து, மடிந்த மூலையைச் சிறிது சிறிதாகத் தட்டி நிமிர்த்தினார். சுற்றிலும் புதிய றப்பர் பட்டி இடப்பட்டது. சுருண்டு வந்த பட்டியை வெந்நீரில் ஊறவிட்டு நெளிவு நீக்கிப் பூட்டினோம். மறுபடியும் தாளை வைத்து இழுத்தபோது எல்லா இடத்திலும் இறுகப் பிடித்தது.

இரண்டாவது, காவல். நனைந்த நார் முழுவதையும் அகற்றி, இரண்டு நாள் மின்விசிறியை ஓடவிட்டு உள்ளிடத்தை உலர்த்தினோம். பின்னர் நீர் ஊறாத, கண்ணறைகள் மூடிய நுரைப்பலகையை அளவாக வெட்டி அடைத்து, பொருத்துகளை ஒட்டுநாடாவால் மூடினோம். ஆவித்தடை எப்பொழுதும் வெம்மையான பக்கத்தில், அதாவது வெளித்தகட்டின் பக்கத்தில், இருக்க வேண்டும். அதனை உட்பக்கத்தில் இட்டால், வெளியிலிருந்து நுழையும் ஆவி காவலுக்குள்ளேயே சிறைப்பட்டு நீராகும்.

மூன்றாவது, வடிகுழாய். ஆவியாக்கியிற் படியும் நீர் வெளியேற அடியில் ஒரு குழாய் உண்டு. அது பாதி தூர்ந்திருந்தது. மீதிப் பாதி வழியே வளி போய்வந்துகொண்டிருந்தது. தூரை நீக்கி, குழாயின் நுனியை வளைத்து, வளைவில் எப்பொழுதும் சிறிது நீர் நிற்கச் செய்தோம். முகங்கழுவும் தொட்டியின் கீழே உள்ள வளைவு போல. நீர் இறங்கும், வளி ஏறாது.

நான்காவது, குளிரின் அளவு. பெட்டியை 1 பாகையில் வைத்திருந்தார்கள். அதனை 5 பாகைக்கு உயர்த்தினோம். சோடா குடிப்பவருக்கு வேறுபாடு தெரியவில்லை, தகட்டுக்குத் தெரிந்தது.

ஐந்தாவது, இடம். தெருவாசலில், கடற்காற்று நேரே படும் இடத்தில் நின்ற பெட்டியைக் கடையின் உட்புறம் நகர்த்தி, சுவரிலிருந்து ஒரு சாண் விலக்கி வைத்தோம். பின்னால் உள்ள ஒடுக்கி வெப்பத்தை வெளிவிட வளியோட்டம் வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன் மின்வேலை முடிந்திருந்தது என்பதைத் திரும்பவும் கூறவேண்டியதில்லை. மற்றொரு எச்சரிக்கை: பழைய பெட்டிகளின் குளிர்க்குழாயைத் தாமாக வெட்டுவதோ துளைப்பதோ கூடாது. அக்காலத்துப் பெட்டிகள் பலவற்றில் 1928 இற் தோமஸ் மிட்ச்லி குழுவினர் ஆக்கிய குளோரோபுளோரோகாபன் வகை வாயு இருந்தது. அது ஓசோன் படையை அரிக்கும் என்று அறிந்து 1987 இல் மொன்றியல் உடன்படிக்கை செய்யப்பட்டது. 1989 இல் இலங்கையும் அதிற் சேர்ந்தது. எஞ்சிய வாயுவை வெளியே விடாமற் சேகரிக்கும் கருவி உள்ள, பயின்ற தொழிலாளரே அதிற் கைவைக்க வேண்டும்.

பெட்டி முற்றாக உலர்ந்துவிட்டதா? இல்லை. கடும் மழை நாட்களில் நாணய வாயைச் சுற்றிச் சில துளிகள் இன்றும் அரும்புகின்றன. அவ்விடத்தில் உலோகம் உள்ளிருந்து வெளியே நேராகச் செல்கிறது. குளிர் நடந்துவரப் பாலமிட்டது போல. அதனை அறவே நீக்க வேண்டுமானால் நாணய வாயை அடைக்க வேண்டும். வில்லை போடாத சோடாப் பெட்டி யாருக்கு வேண்டும்? காலையும் மாலையும் ஒரு துணியால் துடைத்துவிட்டாற் போதும் என்று முடிவாயிற்று.

மகன் நிமிர்ந்த மூலைக்கு மறுபடியும் மக்குப் பூசித் தீந்தை தீட்டப் போனான். நிமிர்த்தியும் தகட்டில் அலவாங்கு கடித்த தழும்பு இருந்தது. “அதை விடு தம்பி. கதவு பூட்டினாச் சரி” என்றார் தந்தை. துரு ஏறாதிருக்க நிறமற்ற பூச்சு மட்டும் பூசி அப்படியே விட்டிருக்கிறார்கள்.

சென்ற கிழமை அவ்வழியாற் சென்றேன். பெட்டியைச் சுற்றிச் சாக்கு இல்லை, தரை உலர்ந்திருந்தது. பேரக் குழந்தை செருப்போடு நின்று, பள்ளிச் சீருடைப் பிள்ளைகள் இருவருக்கு வில்லை போடும் வித்தையைக் கற்பித்துக்கொண்டிருந்தது. வீட்டம்மா எனக்கும் ஒரு வில்லை தந்தார். காசை வாங்க மறுத்துவிட்டார்.

வாசகர் இன்று பத்திரிகையைப் படித்து முடித்தபின் ஓரத்தாளைச் சிறிது கிழித்துத் தங்கள் வீட்டுக் குளிர்ப்பெட்டியின் கதவிடையே வைத்து இழுத்துப் பாருங்கள். தாள் வழுகினால் பட்டியைச் சவர்க்கார நீரால் துடையுங்கள். பெரும்பாலும் அழுக்கே காரணமாயிருக்கும். துடைத்தும் வழுகினால் பட்டியை மாற்றுங்கள். சூடான சோற்றுப் பானையைத் திறந்தபடி உள்ளே வையாதீர்கள்; அதன் ஆவி முழுவதும் உங்கள் செலவிலேயே நீராகும். பின்புறத் துவாரம் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியைத் தொடும்போது கையில் ‘சுர்’ என்றால், தாளையும் துணியையும் வைத்துவிட்டு, முதலிற் செருகியைக் கழற்றுங்கள்.